மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளைக்கு சிகிச்சை: பிளாட்டினம் கம்பியைக் கொண்டுவந்த டாக்டர் யார்?

மூளையில் இருக்கும் ரத்தக்குழாயின் ஒரு பகுதி பலூன் மாதிரி வீங்கி, திடீர்னு ஒருநாள் வெடித்தால் என்ன ஆகும்? சிலர் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே இறந்துவிடுவார்கள். இந்த வீக்கத்தை அடைக்க தலையைத் திறக்கத் தேவையில்லை என்று காட்டியவர், இத்தாலியைச் சேர்ந்த டாக்டர் குய்டோ குல்யெல்மி.

அனியூரிசம் என்றால் என்ன?

ரத்தக்குழாயின் சுவர் பலவீனமான இடத்தில், ரத்த அழுத்தம் தாங்காமல் சின்ன பை போல புடைத்துக்கொள்ளும். இதுதான் அனியூரிசம். பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இது இருக்கலாம். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. புகைப்பிடித்தல், உயர் ரத்த அழுத்தம் இருந்தால் ஆபத்து அதிகம்.

முன்பு என்ன செய்தார்கள்?

1937-ல் அமெரிக்க டாக்டர் வால்டர் டேண்டி, மண்டை ஓட்டைத் திறந்து, வீக்கத்தின் கழுத்துப் பகுதியில் வெள்ளி கிளிப் மாட்டினார். இந்த கிளிப்பிங் முறை இன்றும் இருக்கிறது. ஆனால் எல்லா நோயாளியின் உடம்பும் பெரிய ஆபரேஷனைத் தாங்காது. சில வீக்கங்கள் கத்தி எட்டாத ஆழத்தில் இருக்கும்.

1970-களில் மாஸ்கோ டாக்டர் ஃபியோடர் செர்பினென்கோ, ரத்தக்குழாய் வழியாகவே சின்ன பலூனை அனுப்பி அடைத்தார். அதிலும் ஒரு சிக்கல். வீக்கம் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்துக்கு பலூன் வளையாது. மெல்லிய சுவரை அது அழுத்தினால் வெடிக்கும் அபாயமும் உண்டு.

தற்செயலாகக் கிடைத்த ஐடியா

1980-களின் தொடக்கத்தில் ரோமில், முயல்களின் ரத்தக்குழாயில் மின்சாரம் செலுத்தி ரத்தத்தை உறைய வைக்க குல்யெல்மி முயற்சி செய்தார். அப்போது எஃகு கம்பியின் நுனி மின்பகுப்பால் கரைந்து, அனியூரிசத்துக்குள்ளேயே கழன்று விழுந்தது. தவறாகத் தெரிந்த இதுவே பின்னாளில் விடையானது: கம்பியை வேண்டும் என்றே உள்ளே கழற்றி விட்டால் என்ன?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஃபெர்னாண்டோ வின்யுவேலா குழுவுடன் சேர்ந்து இதை அவர் கருவியாக்கினார். 1990-ல் மனிதர்களுக்குப் பயன்படுத்தப்பட்டது. 1995-ல் அமெரிக்க அரசின் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது.

எப்படி வேலை செய்கிறது?

* தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் மூளை வரை போகும். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே டாக்டர் அதை நகர்த்துவார்.
* அதன் வழியாக மென்மையான பிளாட்டினம் சுருள் வீக்கத்துக்குள் இறங்கி, நூல்கண்டு போல சுருண்டுகொள்ளும்.
* சரியாக உட்காரவில்லையா? வெளியே இழுத்து மறுபடி வைக்கலாம்.
* சரியாக அமர்ந்ததும் சிறிய மின்சாரம் செலுத்தினால், இணைப்பு கரைந்து சுருள் மட்டும் உள்ளே தங்கும்.

இப்படி பல சுருள்கள் நிரம்பியதும் உள்ளே ரத்தம் உறைந்துவிடும். புது ரத்தம் வீக்கத்துக்குள் வேகமாகப் பாய முடியாது.

எது பெஸ்ட்?

இதற்கு விடை தேட, ஏற்கெனவே வெடித்த அனியூரிசம் உள்ள 2,143 பேரிடம் ஐசாட் என்ற சர்வதேச ஆய்வு நடந்தது. இரண்டு சிகிச்சைக்குமே பொருத்தமானவர்கள்தான் இதில் சேர்க்கப்பட்டார்கள். 2002-ல் வெளியான முடிவின்படி, ஒரு வருடத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போனவர்கள், கிளிப் வைத்தவர்களில் 30.6 சதவீதம். சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம்.

அதற்காக எல்லாருக்கும் சுருள்தான் என்று சொல்ல முடியாது. நாளடைவில் சுருள் அமுங்கி, வீக்கம் மறுபடி திறக்கலாம். அதனால் சிகிச்சைக்குப் பிறகும் ஸ்கேன் பரிசோதனைகள் அவசியம். வாய் அகலமான வீக்கங்களுக்கு ஸ்டென்ட் போன்ற கருவிகளும் வந்துவிட்டன.

எப்போது உஷாராக வேண்டும்?

வாழ்நாளில் இதுவரை வராத அளவுக்கு, நொடியில் இடி விழுந்த மாதிரி தலைவலி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் வரலாம். தலைவலி மட்டும் என்றாலும் காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். வெடித்த வீக்கம் மறுபடி கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம்.