மால்ஃபங்ஷன் 54

பொட்டி தட்டுற மக்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச வசனம் ஒண்ணு இருக்கு. கஸ்டமர் போன் பண்ணி "உங்க சாஃப்ட்வேர் சொதப்புது"ன்னு சொன்னா, நம்ம பக்கத்திலேர்ந்து போற முதல் பதில்: "இங்க நல்லாத்தானே ஓடுது?" கம்பெனி பில்லுல ஒரு கமா இடம் மாறி விழுந்தா இந்தப் பதிலால பெரிய சேதம் இல்லை :-) ஆனா 1985-லிருந்து 1987 வரைக்கும் இதே பதில் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருக்கு. அதில் உயிர்கள் போயிருக்கு.

தெரக்-25. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற மெஷின். செஞ்சது கனடா அரசின் ஏ.இ.சி.எல். நிறுவனம். அமெரிக்காவில் 5, கனடாவில் 6, ஆக மொத்தம் 11 மெஷின்கள்தான். எலக்ட்ரான் கற்றை, எக்ஸ்ரே ரெண்டும் ஒரே மெஷின்ல வரும். எக்ஸ்ரேவுக்குக் கற்றையின் மின்னோட்டத்தைப் பல மடங்கு ஏத்தணும். நடுவுல ஒரு உலோகத் தகடு வந்து அதை வாங்கிக்கும். தகடு இல்லாம அந்தக் கற்றை நேரா ஆள் மேல விழுந்தா? விழாம இருக்க, பழைய தெரக்-20-ல தனி வன்பொருள் பூட்டுகள் வச்சிருந்தாங்க. தெரக்-25-ல அதையெல்லாம் எடுத்துட்டு அந்தப் பொறுப்பை சாஃப்ட்வேர் தலையில கட்டிட்டாங்க.

1985 ஜூன், ஜார்ஜியா மாநிலம் மரியெட்டா. ஒரு பெண்மணிக்கு சிகிச்சையின்போது சூடு போட்ட மாதிரி எரிஞ்சது. அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளர் கம்பெனிக்கு போன் போட்டு, இப்படி நடக்க வாய்ப்பு உண்டான்னு கேட்டார். மூணு நாள் கழிச்சு வந்த பதில்: வாய்ப்பே இல்லை. அடுத்த மாசம் கனடாவின் ஹாமில்டனில் இன்னொரு பெண்மணி. இந்தத் தடவை ஒரு சுவிட்ச் மேல சந்தேகப்பட்டு, அதைச் சரி பண்ணி, பாதுகாப்பு குறைந்தது 1,00,000 மடங்கு கூடிடுச்சுன்னு அறிவிச்சாங்க. டிசம்பர்ல வாஷிங்டன் மாநிலம் யாகிமாவில் மூணாவது ஆள். அதுக்கும் "எங்க மெஷின் காரணமா இருக்க முடியாது, வேற எங்கேயும் இப்படி நடந்ததில்லை"ன்னு கடிதம்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டு இருந்தது. கவனிங்க, இதுதான் முக்கியம்.

1986 மார்ச் 21, டெக்சாஸ் மாநிலம் டைலர். மெஷினை இயக்கின பெண் ரொம்ப வேகமா தட்டச்சு செய்யக்கூடியவர். 'ஈ'க்கு பதிலா 'எக்ஸ்' அடிச்சுட்டார். மேல் அம்புக்குறி விசையில போய்த் திருத்தி, சிகிச்சையைத் தொடங்கினார். திரையில் "மால்ஃபங்ஷன் 54". இந்த மெஷின் அடிக்கடி இப்படி ஏதாவது சொல்லி நிக்கிறது வழக்கம். 'பி' அடிச்சா மறுபடி ஓடும். அடிச்சார். உள்ளே படுத்திருந்தவருக்கு ரெண்டாவது தடவையும் ஷாக் அடிச்ச மாதிரி. எழுந்து வந்து கதவைத் தட்டினார். அன்னிக்குன்னு பார்த்து அந்த அறையின் இன்டர்காம் ரிப்பேர், வீடியோ இணைப்பும் இல்லை. திரையோ, கொடுக்க வேண்டியதை விடக் கம்மியாத்தான் கொடுத்திருக்குன்னு காட்டுச்சு.

கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தாங்க. 54 வரவே இல்லை. மின்கசிவா இருக்கும்னாங்க, அதுவும் இல்லைன்னு தெரிஞ்சதும் ஏப்ரல் 7-ல மெஷினைத் திரும்ப ஓட விட்டாங்க. ஏப்ரல் 11, அதே பெண், அதே 54, இன்னொரு நோயாளி. மூணே வாரத்தில் அவர் இறந்தார். முதல் ஆள் அஞ்சு மாசம் கழிச்சு.

ரெண்டாவது விபத்து நடந்ததும் டைலர் ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் மெஷினை நிறுத்தினார். அப்புறம் செஞ்சதுதான் பெரிய விஷயம். இயக்கின பெண் மேல பழியைப் போடலை. அவங்களைக் கூடவே உட்கார வச்சு, என்னென்ன அடிச்சீங்கன்னு கேட்டு, திரும்பத் திரும்ப அடிச்சுப் பார்த்தார். கடைசியில 54 வந்தது! சூட்சுமம் வேகத்துல இருந்தது. காந்தங்கள் தயாராக சுமார் 8 விநாடி ஆகும். அதுக்குள்ள திருத்தி முடிச்சா, திரையில் மாறும். உள்ளே ஒரு பகுதிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. கம்பெனி எஞ்சினியருக்கு முதல்ல இது வரலை, மெதுவா அடிச்சதால. வேகமா அடிங்கன்னு இவர் சொன்ன பிறகுதான் அவருக்கும் வந்தது.

உடனடித் தீர்வு என்ன தெரியுமா? அந்த அம்புக்குறி விசையைப் பிடுங்கிட்டு டேப் ஒட்டுங்கன்னு கடிதம் போட்டாங்க. 1987 ஜனவரியில் யாகிமாவில் ஆறாவது விபத்து, வேற ஒரு பிழையால. அதுக்கப்புறம்தான் வன்பொருள் பாதுகாப்பு திரும்ப வந்தது. இதில் ஒரு கூத்து, அதே தட்டச்சுப் பிழை தெரக்-20-லயும் இருந்திருக்கு. அங்கே ஃபியூஸ்தான் போச்சு, உயிர் போகலை.

இந்த வரலாறு நமக்கு விரிவா கிடைக்கக் காரணம் நான்சி லெவசன், கிளார்க் டர்னர் ரெண்டு பேரும் 1993-ல எழுதின கட்டுரை. "குறியீட்டுப் பிழை கொன்னது"ன்னு சுருக்கமா சொல்லிட்டுப் போறதுதான் நம்மாளுங்க வழக்கம். பிழை இல்லாத நிரல் ஏதுங்க? முதல் விபத்துக்கும் ஆறாவது விபத்துக்கும் நடுவுல 19 மாசம். அந்த 19 மாசத்தில் பிழையை விட அதிகமா வேலை செஞ்சது "வாய்ப்பே இல்லை"ங்கிற பதில். அமெரிக்காவில் அப்போ ஆஸ்பத்திரிகள் இதையெல்லாம் அரசுக்குச் சொல்லணும்னு சட்டக் கட்டாயம் இல்லை. சாதனத்தால மரணம்னா ஆஸ்பத்திரியும் முதியோர் பராமரிப்பு இல்லமும் சொல்லியே ஆகணும்னு சட்டம் வந்தது 1990-ல.

நோயாளி எரியுதுன்னு சொன்னார். திரை இல்லைன்னு சொன்னது. எல்லாரும் திரையை நம்பினாங்க. அடுத்த தடவை டிக்கெட்டை "மறுபடி வரவில்லை"ன்னு போட்டு மூடுறதுக்கு முன்னாடி, புகார் சொன்னவர் பக்கத்துல போய் உட்கார்ந்து, அவர் வேகத்துல ஒரு தடவை அடிச்சுப் பாருங்க மக்கா.

டிஸ்கி: திங்கட்கிழமை ஆணி நிறைய இருக்கு. பின்னூட்டங்களுக்கு பதில் கொஞ்சம் லேட்டா வரும்.