யாழ்ப்பாணமும் ஸ்விங் வயலினும்

ஸ்விங் வயலின் என்பது 1920களின் நடுப்பகுதி முதல் 1940கள் வரை அமெரிக்காவிலும் பாரிசிலும் உருக்கொண்ட ஜாஸ் வயலின் வாசிப்பு முறை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது ஒரு மரபாக வேரூன்றியதில்லை. ஆனால், அந்த முறையின் மூத்த கலைஞர்கள் இருவரோடு சரிசமமாக வாசித்து இசைத்தட்டு வெளியிட்ட எல். சுப்பிரமணியம் வயலின் பயிலத் தொடங்கியது யாழ்ப்பாணத்தில்தான். ஆகவே இந்த வரலாற்றை அவருடைய தந்தையான ஒரு வாத்தியாரின் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த வீட்டுக்கு முன்கதை ஒன்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் (1786–1859), தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் ஐரோப்பியரின் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்கள். வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஆனால் மேடையில் வயலினுக்குக் கிடைத்தது பக்கவாத்தியத்தின் இடம். வாய்ப்பாட்டின் நிழலாகத் தொடர்வதே அதன் கடமை. யாழ்ப்பாணத்துக்கும் அது அந்த முறையிலேயே வந்து சேர்ந்தது. குடாநாட்டில் கோயில் திருவிழாக்களின் இசை நாதஸ்வரமும் தவிலும்; யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலுக்குத் தமிழ்நாடே செவிசாய்த்தது. வயலினோ வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கற்பிக்கப்பட்டது. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் அதற்கு ஓர் ஒழுங்கான பாதையை அமைத்துக் கொடுத்தன.

வி. லட்சுமிநாராயண ஐயர் (1911–1990) இந்தியாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். மனைவி சீதாலட்சுமி வாய்ப்பாட்டும் வீணையும் அறிந்தவர். பிள்ளைகளில் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் வயலின் கலைஞர்கள் ஆனார்கள். வயலின் இன்னொருவர் பாட்டைத் தொடர்ந்து போகும் கருவியாக மட்டும் நின்றுவிடக் கூடாது, தனிக்கச்சேரியைத் தானே தாங்கும் கருவியாக வளர வேண்டும் என்பது தந்தையின் பிடிவாதம். இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மிக முக்கியமான செய்தி இதுதான். பக்கவாத்தியமாக மட்டும் வாசித்துப் பழகிய கை, ஜாஸ் மேடையில் தன் முறை வரும்போது தானாக ஒன்றைச் சொல்லத் தயங்கும். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே அந்தத் தயக்கம் நீங்கிவிட்டது. சுப்பிரமணியத்தின் முதல் மேடை ஆறு வயதில் அமைந்தது. 1958இன் இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. யாழ்ப்பாணம் ஒரு நல்லாசிரியரை இழந்த விதம் அது.

அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே, கடல்களுக்கு அப்பால், வயலின் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் இசைக்குழுவில் அதன் குரல் எடுபடவில்லை. ஜோ வெனூட்டி (1903–1978) கித்தார் கலைஞர் எடி லாங்கோடு இருவர் மட்டுமாக வாசித்து, 1926 முதல் வெளிவந்த இசைத்தட்டுகளில் அதற்கு ஒரு வழி கண்டார். ஸ்டஃப் ஸ்மித் (1909–1967) வயலினை மின்கருவியோடு இணைத்து ஒலியைப் பெருக்கினார். பாரிசில் 1934இல் தொடங்கிய ஹாட் கிளப் ஐவர் குழு, தோற்கருவியையும் ஊதுகருவியையும் அடியோடு விலக்கியது. ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கித்தார், தாளத்துக்கு இன்னும் இரண்டு கித்தார், ஒரு டபுள் பேஸ், இவற்றின்மேல் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் (1908–1997) வயலின். கிராப்பெல்லி இளமையில் மௌனப்படங்களுக்குப் பியானோ வாசித்துப் பிழைத்தவர். அந்தப் பியானோ அறிவு அவருடைய வயலின் சொற்றொடர் ஒவ்வொன்றிலும் கேட்கும்.

யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் இந்த மரபுக்கும் நேர்ச் சந்திப்பு 1970களில் நிகழ்ந்தது. இளையவர் சங்கர், ஜான் மெக்லாக்லின், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 1975இல் சக்தி குழுவில் வாசித்தார். புகழில் அது பெரிது. ஆனால் அது ஸ்விங் அல்ல. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறி, பின் கலிபோர்னியா கலை நிறுவனத்தில் மேலைநாட்டு இசையில் முதுகலை கற்ற சுப்பிரமணியமே ஸ்விங் தலைமுறையின் வாசலை நேராகச் சென்றடைந்தவர். டென்மார்க்கின் ஸ்விங் வயலின் கலைஞர் ஸ்வென்ட் அஸ்முசனுடன் (1916–2017) வாசித்த இசைத்தட்டு ‘கார்லண்ட்’ 1978இலும், கிராப்பெல்லியுடன் ‘கான்வர்சேஷன்ஸ்’ 1984இலும் வந்தன. அப்போது கிராப்பெல்லி எழுபதுகளின் நடுவில் இருந்தார். சுப்பிரமணியத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

இந்தச் சந்திப்பின் மதிப்பை உணர, மேலைச் செவ்வியல் வயலின் கலைஞர் யெஹூதி மெனுகினை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970களில் கிராப்பெல்லியோடு அவர் பல இசைத்தட்டுகளை வெளியிட்டார். ஆனால் மெனுகினின் பகுதிகள் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டவை. அந்த நொடியில் கற்பனை செய்து வாசிப்பது அவர் பயிற்சியில் இல்லை. உலகம் போற்றிய அந்த மேதைக்கு அரிதாக இருந்த ஒன்று, கற்பனாஸ்வரமும் ஆலாபனையும் அன்றாடப் பாடமாகக் கொண்ட வீட்டிலிருந்து வந்தவருக்கு இயல்பாக இருந்தது. சுப்பிரமணியம் ஸ்விங் வாசிப்பாளராக மாறிவிடவில்லை. தன் கமகத்தோடு போய், அவர்களின் லயத்தோடு பேசினார். என் கணிப்பில் அவர் செய்தவற்றுள் சிறந்த வேலைகளில் இவையும் அடங்கும்.

கர்நாடக முறையில் பயின்ற ஒருவர் ஸ்விங் வாசிப்பைக் கற்க முனைந்தால் எது எளிது, எது கடினம்? லயம் பாதி தூரம் வரை எளிது. ஸ்விங்கில் ஓர் அடியை இரண்டாகப் பிரிக்கும்போது பாதிகள் சமமாக இருப்பதில்லை. முன்பாதி நீண்டு பின்பாதி குறுகும். திஸ்ர நடையில் ‘தகிட’ சொல்லி, ‘தகி’ இரண்டு எழுத்துகளையும் ஒரே சுரமாக இழுத்து, கடைசி எழுத்தான ‘ட’வில் அடுத்த சுரத்தை வைத்தால் அதன் அடிப்படை கிடைத்துவிடும். ஆனால் அதைக் கணக்காகப் பிடித்துக்கொண்டால் இசை விறைத்துப்போகும். காலப்பிரமாணம் விரையும்போது இரண்டு பாதிகளும் சமத்தை நோக்கி நெருங்குகின்றன. ஒவ்வொரு கலைஞரும் அதை ஒவ்வொரு அளவில் வைக்கிறார். நான்கடித் தாளத்தில் இரண்டாம், நான்காம் அடிகளில் அழுத்தம் விழுவதையும் உடம்பு பழக வேண்டும்.

வில் இன்னொரு பாடம். கிராப்பெல்லி நீளமாக இழுப்பவரல்லர். குறுகிய வில்லில், அடிக்கு முந்திய பின்பாதிச் சுரத்தையும் அடுத்த அடியின் சுரத்தையும் ஒரே இழுப்பில் கோப்பது ஸ்விங் சொற்றொடரின் முக்கியமான இரகசியம். இடையில் சில சுரங்கள் பாதி விழுங்கப்பட்டு, தொட்டும் தொடாமலும் கடந்துபோகும். நம் கை இயல்பாகவே ஜாரு போடும் கை. ஆகையால் சுரத்துக்குள் வழுக்கி நுழைவது வசப்படும். ஆனால் சுரத்தை அசைக்கும் கம்பிதத்தை நிறுத்தக் கற்க வேண்டும். ஸ்விங்கில் நீண்ட சுரம் பெரும்பாலும் நேராக நின்று, இறுதியில் மட்டுமே மெல்ல அதிரும்.

உண்மையான மலை ஒத்திசைவுதான். நமக்குச் சுருதி அசையாது. ஷட்ஜம் கச்சேரி முடியும்வரை ஓரிடத்தில் நிற்கும். ஜாஸில் ஒன்றிரண்டு தாள அளவைக்கு ஒருமுறை, சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டான கோர்டு மாறும். அதோடு இளைப்பாறும் சுரமும் மாறும். ஹாட் கிளப் குழு 1937இல் பதிவு செய்த ‘மைனர் ஸ்விங்’ தொடக்கத்துக்கு ஏற்றது. அதன் சுரங்கள் பெரும்பாலும் கீரவாணி ராகத்துக்குள் அடங்கும். முதல் கோர்டில் ஸ-க-ப நிலைகளில் நிற்கலாம், அடுத்ததில் ம-த-ஸ, அதன் பின் ப-நி-ரி-ம. கீரவாணி அறிந்த மாணவி முதல் நாளே அதை அழகாக வாசித்துவிடுவாள். ஆனால் ஒவ்வொரு சொற்றொடரையும் ஷட்ஜத்தில் கொண்டுபோய் முடிப்பாள். அடியில் கித்தார் வேறெங்கோ நகர்ந்திருக்கும். இதைத் திருத்த ஒரே வழி, கிராப்பெல்லியைப் போல ஒரு விசைப்பலகையின் முன் உட்கார்ந்து அந்தக் கோர்டுகளைத் தன் விரலால் அழுத்திக் கேட்பது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், மருதனார்மடத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்திலிருந்து வளர்ந்த பீடம் இன்றும் வயலின் கற்பிக்கிறது. அங்கே பயிலும் ஒருவர் வெனூட்டியிலிருந்தோ ஹாட் கிளப்பிலிருந்தோ தொடங்குவதைவிட ‘கார்லண்ட்’ இசைத்தட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரே பதிவில் கமகம் அறிந்த வில்லும் ஸ்விங் அறிந்த வில்லும் மாறிமாறி ஒலிக்கின்றன. எந்த இடத்தில் அஸ்முசன் சுரத்தை விட்டுவிடுகிறார், எந்த இடத்தில் சுப்பிரமணியம் அதைப் பிடித்து அசைக்கிறார் என்று சுரம் சுரமாக எழுதி வைத்து, இரண்டையும் வாசித்துப் பார்க்கலாம்.