கார்லைல் குழுவினரின் 1912ஆம் ஆண்டு

அமெரிக்காவிலே உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. அது றக்பியின் வழிவந்தது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை மறித்து வீழ்த்துவதுமே அதன் உயிர். 1905இல் ஆட்டக்களத்தில் இளைஞர் பலர் மாண்டமையால் எழுந்த கண்டனத்தின் பின்னர் விதிகள் திருத்தப்பெற்று, 1906 முதல் பந்தை முன்னோக்கி எறியவும் இடமளிக்கப்பட்டது. உடற்பருமனையே நம்பிய பெருங் கல்லூரிகள் இப்புதுமையை ஐயத்தோடு நோக்கின. இதனை ஆர்வத்தோடு ஏற்றுப் பயின்றவர்களுள் முன்னின்றோர், பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரிலிருந்த பூர்வகுடிப் பாடசாலையின் மாணாக்கர்.

அப்பாடசாலையின் வரலாறு மனத்தை வருத்துவது. பழைய படைமுகாம் ஒன்றில் 1879இல் அதனைத் தொடங்கியவர் றிச்சட் ஹென்றி பிராற் என்னும் படை அதிகாரி. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைவில் வளர்த்து, வெள்ளையரைப் போல ஆக்கிவிடுவதே அவர் கொண்ட நோக்கம். வந்த அன்றே கூந்தல் கத்தரிக்கப்பட்டது. படைவீரர் போன்ற சீருடை அணிவிக்கப்பட்டது. தாய்மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. புதிய ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. (நம்மூர் அமெரிக்க மிஷன் விடுதிப் பாடசாலைகளிலும் முற்காலத்தில் நன்கொடையாளரின் பெயரை மாணாக்கருக்கு இடும் வழக்கம் இருந்ததைப் பெரியோர் கேட்டிருப்பர்.) நோயால் இறந்து அவ்வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்ட பிள்ளைகளும் பலர்.

இத்தகைய இடத்திலிருந்துதான் அக்காலத்துச் சிறந்த குழு ஒன்று எழுந்தது. பயிற்றுநர் கிளென் வார்னர் சூழ்ச்சித்திறன் மிக்கவர். உடல் சிறுத்த தம் மாணாக்கருக்கு விரைவையும் மாற்றான் எதிர்பாராத ஓட்டங்களையும் கற்பித்தார். 1911இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தை இவர்கள் 18க்கு 15 என வென்றபோதே நாடு திரும்பிப் பார்த்தது.

1912 கோடையில் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் விழாவிலே, சாக்-பொக்ஸ் குடியைச் சேர்ந்த ஜிம் தோர்ப் ஐந்நிகழ்ச்சிப் போட்டியிலும் பத்துநிகழ்ச்சிப் போட்டியிலும் தங்கப் பதக்கம் பெற்றார். திரும்பியவர் இளைப்பாறவில்லை, கார்லைல் குழுவின் சட்டையை மீண்டும் அணிந்துகொண்டார். அவருக்குத் துணையாகக் கஸ் வெல்ச், அலெக்ஸ் ஆர்காசா, ஜோ கையன் முதலியோர் நின்றனர். அவ்வாண்டு ஆடிய ஆட்டங்கள் 14. வெற்றி 12, சமநிலை 1, தோல்வி 1. எடுத்த புள்ளிகள் 504. வில்லனோவாவை 65க்கு 0 எனவும், சிரக்கியூசை 33க்கு 0 எனவும், பிற்ஸ்பேக்கை 45க்கு 8 எனவும் வென்றனர். பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் பிறர் களத்திலேயே நடந்தன. நுழைவுக் கட்டணம் அங்கேதான் மிகுதி. வாரந்தோறும் புகைவண்டியேறிச் சென்று ஆடியவர் மாணாக்கர். பணத்தைக் கையாண்டவர் வேறு.

நவம்பர் 9ஆம் நாள் வெஸ்ற் பொயின்ற் படைக்கல்லூரியில் நடைபெற்ற ஆட்டமே அப்பருவத்தின் முடி. வூண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் லக்கோட்டா மக்களைப் பெண்டு பிள்ளையென்றும் பாராது சுட்டுக் கொன்றது 1890 டிசம்பரில். அதன்பின் 22 ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. அப்படைக்கு அதிகாரிகளை ஆக்கித்தரும் கல்லூரியோடு இப்போது பூர்வகுடி இளைஞர் களத்தில் எதிர் நின்றனர். வார்னர் வகுத்த புதிய அணிவகுப்பில் பந்து எப்பக்கம் போகிறதென்பதைப் படைக்கல்லூரியார் உணர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். முடிவு 27க்கு 6. தோர்ப்பின் புகழிலே மற்றவர் மறைந்துவிடுவதுண்டு. ஆனால் அன்று மும்முறை எல்லை கடந்தவர் ஆர்காசாவே. எல்லோரும் தோர்ப்பையே சூழ்ந்து மறிக்க ஓடியதால் மற்றவருக்கு வழி திறந்தது என்பதும் மெய். தோற்ற அணியில் ஆடியவர்களுள் ஒருவர் டுவைற் ஐசனோவர். பின்னாளில், 1953 முதல் 1961 வரை, அமெரிக்காவின் ஜனாதிபதியாயிருந்தவர்.

அடுத்த கிழமையே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் 34க்கு 26 எனத் தோற்றனர். அவ்வொரு தோல்வி நீங்கலாக எவரும் அவர்களை வெல்லவில்லை. பிறவூன் பல்கலைக்கழகத்தை 32க்கு 0 என வென்று பருவத்தை முடித்தனர்.

களத்தில் பெற்ற மதிப்பு களத்துக்கு வெளியே உதவவில்லை. 1913 ஜனவரியில், தோர்ப் முன்னர் சிறு கூலிக்குப் பேஸ்போல் ஆடியவர் என்று செய்தி வெளியாக, ஒலிம்பிக் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. முறைப்பாடு செய்வதற்கு விதிக்கப்பட்ட 30 நாள் எப்போதோ கடந்துவிட்டது என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. வேறு பெயரில் மறைந்து ஆடிய கல்லூரி இளைஞர் பலர் தப்பிக்கொள்ள, தம் சொந்தப் பெயரில் ஆடிய இவர் அகப்பட்டார். அநீதி என்பதன்றி இதற்கு வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. 1982இல் பட்டம் மீண்டது. தனி வெற்றியாளர் இவரே என ஒப்புக்கொள்ள 2022 வரை சென்றது. தோர்ப்போ 1953இலேயே காலமாகிவிட்டார்.

கஸ் வெல்ச் வேறொரு துணிவைக் காட்டினார். பாடசாலை நிர்வாகத்தின்மீது விசாரணை வேண்டுமென்று 200க்கு மேற்பட்ட மாணாக்கர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைத் திரட்டினார். 1914இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு நேரில் வந்து சாட்சியம் கேட்டது. விளையாட்டு நிதியின் கணக்கும் வெளிப்பட்டது. அதிபர் பதவியிழந்தார், வார்னரும் அவ்வாண்டுப் பருவத்தோடு விலகினார். வெல்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பாடசாலை 1918இல் மூடப்பட்டது. அவ்விடம் மறுபடி படையினர் கைக்குச் சென்று, போரில் காயமுற்றோருக்கு மருத்துவமனையாயிற்று. அங்கு புதையுண்ட பிள்ளைகளின் எச்சங்களை உறவினர் தத்தம் ஊர்களுக்கு எடுத்துச் செல்வது 2017இலேதான் தொடங்கிற்று.