பதினொரு செயலிகளின் வரலாறு

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25ஆந் திகதி, பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ், தாம் ஆக்கிவந்த புதிய இயங்குதளத்தைப் பற்றிக் கணினி ஆர்வலர்க்கு ஓர் அறிவித்தல் விடுத்தார். அது தமது பொழுதுபோக்கு முயற்சியே என்றும், இன்ரெல் நிறுவனத்தாரின் 80386 என்னும் செயலியின் தனித்தன்மைகளைச் சார்ந்திருப்பதால் வேறினக் கணினிகளுக்குக் கொண்டுசெல்லத் தக்கதன்று என்றும் அதிற் குறிப்பிட்டிருந்தார். பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்ற அவ்வியங்குதளம் இன்று கைத்தொலைபேசி முதல் ஐ.பி.எம். பெருங்கணினி ஈறாகப் பல்லினப் பொறிகளிலும் குடிகொண்டிருக்கிறது. படைத்தவரின் கூற்றே முதலிற் பொய்த்தது எனலாம்.

செயலி என்பது கணினியின் கணிப்பு வேலையைச் செய்யும் உறுப்பு. ஒவ்வொரு செயலிக் குலத்துக்கும் தனக்கேயுரிய கட்டளைத் தொகுதி உண்டு. ஒரு குலத்துக்கென ஆக்கிய நிரல் மற்றொரு குலத்துக்கு விளங்காது. ஆயினும், மனிதர் எழுதும் மூலநிரலைக் கம்பைலர் என்னும் கருவி வேண்டிய செயலியின் மொழிக்கு மாற்றித் தரும். ஆகவே, நினைவகத்தைப் பங்கிடுதல், பொறியைத் தொடக்கிவைத்தல் போன்ற சில பகுதிகளைப் புதிதாக எழுதிவிட்டால் எஞ்சியவை தாமே கூடிவரும். எண்ணுவதற்கு எளிது; செய்து பார்த்தவர்களே அதன் அருமையை அறிவர்.

1992இல் ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் அன்ட்ரூ தனென்பாம் லினக்ஸைக் கண்டித்தபோது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, அது ஒரே செயலியோடு கட்டுண்டு கிடக்கிறது என்பதாகும். கட்டினை முதலில் அவிழ்த்தவர்கள் மோட்டரோலா 68000 குலச் செயலிகளைக் கொண்ட அமிகா, அற்றாரி கணினிகளை உடைமையாகக் கொண்டிருந்த ஆர்வலர்களே. 1994இல், டிஜிற்றல் நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் ஹோல் என்பவர் தோர்வால்ட்ஸைச் சந்தித்து, தம் நிறுவனத்தின் அல்பா என்னும் 64 பிற் பொறியொன்று அவர் கைக்குக் கிடைக்க வழிசெய்தார். அம்முயற்சியின்போது பொறிக்குரியதும் பொதுவானதும் எனக் கருநிரல் பகுக்கப்பட்டது. 1995 மார்ச்சில் வெளியான 1.2ஆம் பதிப்பு அல்பா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகியவற்றையும் தழுவியது.

ஆனால் கருநிரல் மட்டும் கணினியைப் பயன்படச் செய்வதில்லை. அதனுடன் ஆயிரக்கணக்கான நிரல்களைச் சேர்த்து நிறுவத்தக்க வடிவில் வழங்குவோரே பயனாளருக்கு வாயிற்காப்போர். அவர்களுள் 1993இல் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியன் அமைப்பின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. 1998இல் வெளிவந்த அதன் 2.0ஆம் பதிப்பு இன்ரெல் குலத்தோடு மோட்டரோலா குலத்தையும் ஏற்றது. அடுத்த ஆண்டு அல்பாவும் ஸ்பார்க்கும், 2000இல் பவர்பீசியும் ஆர்மும் சேர்ந்தன. 2002 ஜூலையில் வெளியான 3.0ஆம் பதிப்பிலோ பதினொரு செயலிகள் இடம்பெற்றன.

இவ்விரிவு வெறும் பெருமைக்கன்று. ஒரே நிரல் பல செயலிகளில் ஆக்கப்படும்போது மறைந்திருந்த பிழைகள் வெளிப்பட்டன. நினைவக முகவரி 32 பிற்றுக்குள் அடங்கும் என எண்ணி எழுதிய நிரல்கள் அல்பாவில் முறிந்தன. எண்ணின் பைற்றுகள் எவ்வொழுங்கில் அடுக்கப்படும் என்பதை ஆராயாது எழுதியவை ஸ்பார்க்கிலே தடுமாறின. பின்னாளில் 64 பிற் செயலிகள் எங்கும் பரவியபோது, லினக்ஸ் நிரல்கள் பெருந்துன்பமின்றி அவற்றுக்கு மாறியமைக்கு இப்பயிற்சியும் ஒரு காரணம்.

எனினும் சுமை பெரிது. பதினொரு செயலிகளுக்கும் எல்லா நிரல்களும் ஆக்கப்படல் வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொன்றும் அவ்வாறே. ஒவ்வொரு செயலிக்குமான ஆக்கம் அவ்வினப் பொறியிலேயே நடைபெற்றது. பழைய மோட்டரோலாப் பொறியொன்றிற் பெரிய நிரலொன்றை ஆக்கி முடிக்க நாட்கள் சென்றன. அடுத்த பதிப்பு வெளிவர மூன்று ஆண்டுகள் ஆயின. இந்நிலையில் 2005 மார்ச் மாதம் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடிய வெளியீட்டுக் குழுவினர், இனி நான்கு செயலிகளுக்கே முறையான வெளியீடு எனும் எதிர்பார்ப்புடன் ஒரு முன்மொழிவை வைத்தனர். புதிய பொறி சந்தையில் வாங்கக் கிடைக்கவேண்டும், ஆக்கவேலைக்குச் சில பொறிகளே போதுமாயிருக்கவேண்டும் என்பன போன்ற விதிகளும் வகுக்கப்பட்டன.

பெரும் எதிர்ப்பு எழுந்தது. எவ்வூதியமும் பெறாது ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களிடம், அவர்கள் உழைப்பு வேண்டாம் என்று சொல்வதாகவே அது கேட்டது. மறுபுறம், சிலர் மட்டும் பயன்படுத்தும் பொறிக்காகப் பெருந்தொகையினர் காத்திருப்பதும் நேரியதன்று. இரு சாராரும் நியாயமுடையோரே. வழக்கின் கடுமைக்குக் காரணமும் அதுவே. முன்மொழிவு அவ்வடிவில் நிறைவேறவில்லை. ஆயினும் ஒவ்வொரு செயலியையும் தகுதி நோக்கிச் சோதிக்கும் வழக்கம் நிலைத்தது. 2007 ஏப்ரலில் வெளியான 4.0ஆம் பதிப்பிலிருந்து மோட்டரோலா, அதாவது டெபியன் முதன்முதல் ஏற்ற அயற்குலம், நீங்கியது, ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் 64 பிற் குலம் புகுந்தது. 2011இல் அல்பாவும், 2015இல் ஸ்பார்க்கும், 2017இல் பவர்பீசியும் அவ்வாறே விலகின. தன்னார்வலர் சிலர் இவற்றைத் தனிக்களத்தில் பேணிவந்தனர்.

இறுதியில் மூத்த குலத்துக்கும் முறை வந்தது. 2012 டிசம்பரில் 80386 செயலிக்கான ஆதரவு கருநிரலிலிருந்து நீக்கப்பட்டது. எப்பொறிக்கென லினக்ஸ் பிறந்ததோ, அப்பொறியிற் புதிய லினக்ஸ் இயங்காது போயிற்று. தோர்வால்ட்ஸ் அதற்காகக் கலங்கவில்லை. அக்குலத்தின் 32 பிற் பிற்சந்ததியும் நெடுங்காலம் நிற்கவில்லை. உபுண்டு நிறுவனத்தார் 2019 ஜூனில் அதற்குரிய நிரல்களைக் கைவிட முனைந்து, பழைய விளையாட்டு நிரல்களைப் பயன்படுத்துவோரின் எதிர்ப்பினால் ஒரு பகுதியைத் திரும்பவும் ஏற்றனர். 2025 ஆகஸ்ட் 9ஆந் திகதி வெளியான டெபியன் 13ஆம் பதிப்பு, கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்த உரிமைக் கட்டணம் கோராத ரிஸ்க்-ஐந்து குலத்தை முதன்முறை ஏற்றது; 32 பிற் இன்ரெலுக்குக் கருநிரலும் நிறுவியும் அதில் இல்லை.

அதே பதிப்பில் மற்றைய 32 பிற் செயலிகளுக்குக் காலக் கணக்கு 64 பிற்றாக விரிவாக்கப்பட்டது. இன்ரெலின் 32 பிற் குலத்துக்கு மட்டும் அது செய்யப்படவில்லை. 64 பிற் கணினியிற் பழைய நிரல்களை இயக்குவதற்காகவே அது இப்போது வைக்கப்பட்டிருக்கிறது. கணக்கை மாற்றினால் அப்பழைய நிரல்களே முறிந்துவிடும். ஆதலின் 1970இலிருந்து வினாடிகளை எண்ணிவரும் அதன் கடிகாரம் 2038 ஜனவரி 19ஆந் திகதியோடு நிரம்பிவிடும்.