காய்ச்சல் போனது, அசதி போகவில்லை

2006ஆம் வருடத்தை நம் பந்தல்குடிப் பக்கத்துக்காரர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் ஒருவர் படுத்தால் அடுத்த வாரம் அந்த வீடே படுத்தது. முட்டிக்கு முட்டி பிடித்துக்கொண்டு, கட்டிலை விட்டு இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. "சிக்குன்குனியா" என்ற பேரை "சிக்கன் குனியா" என்று கேட்டு, கோழிக்கறியை விட்டவர்களும் உண்டு. கோழி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

1952-53இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இந்தக் காய்ச்சல் பரவியபோது, அங்குள்ள மக்கொண்டே மக்கள் தங்கள் மொழியில் வைத்த பேர் அது. 'வளைந்து போவது' என்று அர்த்தம். ஆளைக் குனிய வைத்ததால் நமக்கும் அந்தப் பேர் பொருந்திவிட்டது.

நம் நாட்டுக்கும் அது புதிதல்ல. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பரவியது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சி ஊரில் வந்தது. அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 2005 கடைசியில் திரும்பி வந்து, 2006இல் அரசுக் கணக்குப்படியே நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. இடைப்பட்ட காலத்தில் படித்து வந்த டாக்டர்களில் பலர் இந்த நோயைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

வானம் பார்த்த பூமியில் கொசுவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது. தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வருமோ என்று குடத்திலும் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் நாள்கணக்கில் பிடித்து வைத்தவர்கள் நாம். நம் தண்ணீர்ப் பஞ்சமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது.

காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். பெரும்பாலோர் சில வாரங்களில் நடமாடத் தொடங்கினார்கள். சிலரை மட்டும் வலியும் அசதியும் மாதக்கணக்கில் விடவில்லை. அந்தச் சிலரில் நானும் ஒருவன். ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று கடைவீதி வரை நடந்து வந்தால், மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுந்திருக்க முடியாது. ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. "உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்றார் ஒரு டாக்டர். அலுவலகத்தில், "சார் ரிட்டயர்மெண்டுக்கு ஒத்திகை பாக்குறாரு" என்றார்கள்.

எனக்காவது மாதச் சம்பளம் இருந்தது. களையெடுக்கப் போன பெண்களுக்கு, போகாத நாளில் கூலி இல்லை. "காய்ச்சல்தான் விட்டுருச்சே, இன்னும் என்ன சாக்கு?" என்ற பேச்சையும் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் லண்டன் கதை தெரிந்தது. அது சிக்குன்குனியா அல்ல, வேறு நோய். ஆனால் பட்ட பேச்சு ஒன்றுதான். 1955 ஜூலை முதல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நர்சுகளும் டாக்டர்களுமாக ஊழியர்கள் 292 பேர் அடுத்தடுத்துப் படுத்தார்கள். அக்டோபர் வரை மருத்துவமனையையே மூடினார்கள். கிருமி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சிலர் வருடக்கணக்கில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை மட்டும் வைத்து, நோயாளிகளை நேரில் பார்க்காமலே, இது கூட்டமாக வந்த ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். படுத்தவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1988இல் அமெரிக்காவில் 'நாள்பட்ட களைப்பு நோய்' என்று பேர் வைத்தார்கள். களைப்பு யாருக்குத்தான் இல்லை என்று அந்தப் பேரே கேலிக்கு இடமானது.

2015இல்தான் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம், இது கற்பனை அல்ல, உடலைப் பாதிக்கும் கடுமையான நோய் என்று அறிக்கை தந்தது. சிறு வேலைக்குப் பிறகும் உடம்பு நாள்கணக்கில் சரிந்துபோவது இதன் முக்கிய அடையாளம் என்றும் சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகும் என்று அதுவரை சொல்லி வந்த பிரிட்டன், 2021இல் அந்த யோசனையைக் கைவிட்டது. 1955க்கும் 2021க்கும் நடுவே 66 வருடங்கள். இன்றும் இதை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, முழுதாகக் குணமாக்கும் மருந்தும் கிடையாது.

இப்போது சொல்லும் வழி நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. கண்மாயில் கிடக்கும் தண்ணீருக்குத் தக்கபடிதான் மடையைத் திறக்க வேண்டும். ஒரே நாளில் திறந்துவிட்டால் பயிர் கருகும். இருக்கிற தெம்பையும் அப்படித்தான் பார்த்துச் செலவழிக்க வேண்டும். எனக்கு நடமாட்டம் முழுசாகத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு அப்படிச் சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது காய்ச்சல் விட்டும் முடியவில்லை என்றால், முதலில் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுங்கள். அவற்றாலும் அசதி வரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சீட்டு வந்தாலும், படுத்திருப்பவர் நடிக்கிறார் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்காது.