ஐதரசன் இல்லாத நட்சத்திரங்களும் பத்திரம் இல்லாத நாங்களும்

கரண்ட் போன ராத்திரியில், பதுளைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். அதுகளையும் வகை வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைப் படித்தபோது எங்க கதையும் ஞாபகம் வந்தது.

1941இல் ருடோல்ப் மின்கோவ்ஸ்கி, வெடிக்கும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களை இரண்டாகப் பிரித்தார். ஒளியைப் பிரித்துப் பார்க்கும்போது ஐதரசன் தெரிந்தால் இரண்டாம் வகை. தெரியாவிட்டால் முதலாம் வகை. அதாவது, இல்லாத ஒன்றை வைத்து ஒரு பெயர்.

அந்த முதலாம் வகைக்குள் இரண்டு வேறு பிறவிகள் கலந்து கிடந்தது 1980களின் நடுவில்தான் பிடிபட்டது. ஒன்று, வெண்குள்ளன் எனும் செத்த நட்சத்திரம் வெடிப்பது. மற்றது, சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் இடிந்து விழுவது. அதன் நடுப்பகுதி இரும்பாகி, ஏறக்குறைய 1.4 சூரிய எடையைத் தாண்டினால் தன் பாரத்தைத் தானே தாங்காது. ஒரு விநாடிக்குள் நொறுங்கிவிடும். இந்த எல்லைக்கு அடிப்படையான கணக்கை 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்டவர், சென்னையில் படித்த 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர்.

சரி, ஐதரசன் எங்கே? அது இல்லாமல் அந்த நட்சத்திரம் பிறக்கவில்லை. பலமான காற்றாக வெளியே போயிருக்கும், இல்லாட்டி பக்கத்து நட்சத்திரம் உறிஞ்சி எடுத்திருக்கும். ஈலியம் மிஞ்சினால் 'ஐபி', அதுவும் போனால் 'ஐசி'.

2005இல் வெடித்த எஸ்.என். 2005பிஎஃப் முதலில் 'ஐசி' என்றார்கள். பிறகு ஈலியம் தெரிந்தது, 'ஐபி' ஆனது. லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீற்றர் தொலைநோக்கியால் அதைப் பார்த்த அனுபமாவின் குழு, மெல்லிய ஐதரசன் படலத்துக்கும் அடையாளம் இருப்பதாக எழுதியது. பொறுமையாகப் பார்த்ததில் பெயரே மாறிப்போச்சு.

எங்களை 1911 குடிசன மதிப்பீடு 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எழுதியது. 1948 பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் வழியில் பத்திரம் கேட்டது. பல தாத்தாமாரிடம் அது இருக்கவில்லை, 'நாடற்றவர்' ஆனார்கள். அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. பெயர் மாறினால் நட்சத்திரத்துக்கு நட்டமில்லை. எங்களுக்கு இருந்தது.

அதனால் தம்பி, தங்கச்சி, யாரிடமும் எது இல்லை என்று எழுதுமுன், அது எப்படிப் போச்சு என்று கேளுங்க.