வானம் பார்த்த பூமியில் நீலப்புகை

1985ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும், பாம்பன், மண்டபம், கீழக்கரை ஆகிய கடற்கரை ஊர்களும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. திருச்சுழியைத் தொட்டுக் கமுதி வழியே இறங்கி மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவைச் சேரும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்தாலும், அந்த இரு நிலங்களையும் இணைத்த கோடாகவே இருந்துவந்தது. 1980களில் இந்தக் கோட்டின் இரு முனைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வகை எஞ்சின் பரவியது. மேற்கே அது மொபெட்டின் அடியில் தொங்கியது, கிழக்கே வள்ளத்தின் பின்பலகையில் அவுட்போர்டு மோட்டாராகப் பூட்டப்பட்டது. இரண்டைப் பற்றியும் எழுந்த முறையீடும் ஒன்றுதான்: புகை அதிகம், எண்ணெய் வழிகிறது.

இருவீச்சு எஞ்சின் எனப் பாடநூல்களும் டூ ஸ்ட்ரோக் எனப் பட்டறைகளும் குறிக்கும் இவ்வகையின் எளிய வடிவத்தை இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே 1890களின் தொடக்கத்தில் உருவாக்கினார். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையையே, எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்பாக அவர் பயன்படுத்தியதால், வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் தேவையற்றுப்போயின. ஆனால் அந்த அறை கலவைக்கு வழியாகிவிட்டபின் அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. ஆகவே மசகு எண்ணெய் பெட்ரோலுடனேயே கலந்து உள்ளே வரவேண்டும், வந்தது எரிந்தே வெளியேற வேண்டும். 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த படகு மோட்டாரும் இதே ஏற்பாட்டைக் கொண்டதே. எனவே இவ்வெஞ்சினில் புகை வருவது நோயன்று, பிறவிக்குணம். எவ்வளவு வருகிறது, எந்த நிறத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் நோய் தெரியும்.

மதுரையில் பேருந்துத் தொழிலால் வேரூன்றிய டிவிஎஸ் குழுமம் 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட்டை வெளியிட்டது. இருவர் ஏறலாம், கியர் மாற்ற வேண்டியதில்லை, எஞ்சின் ஒத்துழைக்க மறுத்தால் மிதித்தும் ஊர் சேரலாம். அதை வடிவமைத்தவர்கள் இருவர் பயணத்தை எண்ணியிருக்கலாம். வானம் பார்த்த பூமியோ அதைச் சுமைவண்டியாகவே எடுத்துக்கொண்டது. குடிநீர்க் குடங்கள், அருப்புக்கோட்டைத் தறிகளுக்கான நூல்கட்டுகள், விடியுமுன் சந்தைக்குச் சேரவேண்டிய மல்லிகை மூட்டைகள், கால் கட்டிய ஆடு என அது ஏற்றாத பொருள் குறைவு.

பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு இத்தனை மில்லி என அளந்து ஊற்றப்படும் மசகு எண்ணெய்க்கு டூ டி ஆயில் என்று பெயர். லிட்டருக்கு இருபது மில்லி என்பது ஐம்பதுக்கு ஒன்று, நாற்பது மில்லி என்பது இருபத்தைந்துக்கு ஒன்று என்ற விகிதமாகும். கையேடு சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடி சேர்த்து ஊற்றச்சொல்லும் வழக்கம் அறியாமையால் மட்டும் வந்ததன்று. எண்ணெய் குறைந்தால் சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றிச் சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவதற்கு ஆகும் செலவு, மழை தவறிய ஆண்டில் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளப் போதுமானது. சித்திரை வெயிலில், இரட்டைச் சுமையோடு, கண்மாய்க் கரை மணலில் வண்டி இழுத்துக்கொண்டு போகும்போது பின்னால் வரும் புகை, வண்டிக்காரனுக்கு இடையூறாக அன்றி உறுதிமொழியாகவே தோன்றியிருக்கும். மிகைப்புகை என்பது ஏழை செலுத்திய காப்பீட்டுத் தவணை என்றுகூடச் சொல்லலாம். அந்தக் காப்பீட்டுக்குள்ளேயே ஒரு கேடும் இருந்தது. எண்ணெயின் பங்கு கூடக்கூட அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்த கலவை கூடுதல் சூட்டோடு எரிகிறது. எரியாத எண்ணெய் கரியாகிப் பிஸ்டன் ரிங்குகளை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டவைக்கிறது. எதைத் தவிர்க்க எண்ணெய் கூட்டினார்களோ, அதுவே சில வண்டிகளில் மெல்ல வந்து சேர்ந்தது.

மெக்கானிக்குகள் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதன் முனை காய்ந்த காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. ஈரமாகவும் கருப்பாகவும் இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி. அடுத்து காற்று வடிகட்டி: கோடையில் கரிசல் மண் மாவாகப் பறக்கும் இந்நிலத்தில் அது விரைவில் அடைபட்டு, காற்றுக் குறைந்த கலவை புகையாகிவிடும். சோக் முழுவதும் திறக்கிறதா என்பதையும் கூடவே பார்ப்பதுண்டு. கரியும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து அடைத்த சைலன்சரை நெருப்பிலிட்டுச் சுட்டு, தட்டி உதிர்ப்பது தனி வேலை. கியர் உள்ள டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இவ்வளவும் செய்தபின்னும் புகை நிற்காவிட்டால், கிராங்க் தண்டின் ஆயில் சீல் தேய்ந்து, கியர்ப்பெட்டி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சுகிறது என்பது முடிவு.

புகையைப் பார்த்து உள்ளே நடப்பதை அறிவது இப்பகுதிக்குப் புதிய கலையுமன்று. சீமைக்கருவேல் விறகை அடுக்கி, மண்பூசி, உள்ளே கனலவிடும் கரிமூட்டத் தொழிலில், அடர்ந்த வெண்புகை விறகின் ஈரம் வெளியேறுவதையும், மெலிந்த நீலப்புகை விறகு கரியாகிவிட்டதையும் காட்டும்; அந்த நேரத்தில் துளைகளை அடைக்கத் தவறினால் கரி சாம்பலாகிவிடும். மூட்டத்தில் நீலம் வேலை முடிந்ததன் அறிகுறி, எஞ்சினில் அதுவே எண்ணெய் எரிவதன் அறிகுறி.

கடற்கரையில் சிக்கல் வேறு வடிவெடுத்தது. அங்கே பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் மோட்டார்கள் பரவின. எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் கரியையும் புகையையும் பெருக்கியது. வலை இழுக்கையில் எஞ்சினை நெடுநேரம் மெதுவாக ஓடவிடுவதால் கிராங்க் அறையில் தேங்கும் எண்ணெய், வேகம் கூட்டியதும் மொத்தமாகக் கிளம்பும். பல மோட்டார்களில் புகைபோக்கும் வழி நீருக்கடியில் இருப்பதால், குறை காற்றில் தெரியாமல், படகுக்குப் பின்னே வானவில் நிறத்தில் விரியும் எண்ணெய்ப்படலமாகத் தெரிந்தது. அங்கும் எண்ணெயைக் கூட்டி ஊற்றினால் அதற்குக் காரணம் உண்டு. நடுக்கடலில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் மிதித்துக் கரைசேர வழியில்லை.

1990களில் நாடெங்கும் வாகனப்புகை விதிகள் இறுகத் தொடங்கி, குறைந்த புகை தரும் டூ டி ஆயில் கடைகளுக்கு வந்தது. 2015இல் நான்கு வீச்சு எஞ்சினுடன் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வந்தபின், எண்ணெய் தனி அறைக்குப் போனது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் வேலை அந்த வண்டிக்கு இல்லை. அதன் வாலில் நீலப்புகை எழுந்தால் அது காப்பீடுமன்று, பிறவிக்குணமுமன்று. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது என்றே பொருள்.